மூன்று முறை சொன்னார்

ஆட்களை வழிக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பிற்காலத்தில் சென்னையில் நான் வேலை பார்த்த ஒர்க்ஷாப்புகளில் புது மெஷின் வந்தாலும், வேலை முறை மாறினாலும், தொழிலாளர்கள் முறுக்கிக்கொண்டு நின்றால் என்னைத்தான் பேச அனுப்புவார்கள். அந்தப் பெயர் எனக்கு எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அது திருத்தணியில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு, திருத்தணியில் நான்கு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். அரக்கோணம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஷெட். நான்கு டிரைவர்கள், நான்கு கிளீனர்கள். எல்லாரும் அக்கம்பக்கத்து கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஏர் ஓட்டியவர்கள், கூலிக்குக் கதிர் அறுத்தவர்கள், எப்படியோ மோட்டாருக்கு வந்துவிட்டவர்கள். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

அவர்களில் மூத்தவர் பொதட்டூர்பேட்டை வண்டி ஓட்டியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, தோளில் ஒரு துண்டு. எட்டு மணி வண்டி எட்டு மணிக்குக் கிளம்பும். நெசவுக்காரர்கள் லுங்கி மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, அவர் ஓட்டுகிறார் என்றால் கயிற்றைக்கூட இழுத்துப் பார்க்க மாட்டார்கள். எஞ்சின் சத்தத்தில் ஏதாவது கோளாறு என்றால் நான் பானெட்டைத் திறக்கும் முன்பே இன்னது என்று சொல்லிவிடுவார். தன்னைவிட இளையவர்கள் எல்லாரையும், வாப்பா போப்பா என்கிற மாதிரி, செல்லமாக நைனா என்றுதான் கூப்பிடுவார். நான் மேஸ்திரி ஆனாலும் அவருக்கு நைனாதான். நான் அவரை அண்ணா என்பேன்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. வர வர அந்தக் கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்கவில்லை. நான்கு வண்டியில் இரண்டு ஷெட்டிலேயே நின்றன. முதலாளி சென்னைக்குப் போய், நான்கு கேஸ் பிளாண்ட் வாங்கிவந்தார். ஆள் உயர இரும்பு உருளை. பஸ்ஸின் பின்னால் மாட்டி, உள்ளே அடுப்புக்கரி கொட்டி, அடியில் தீ மூட்ட வேண்டும். கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்தால் கரி புகைந்து கேஸ் வரும். அதை ஒரு குழாய் முன்னால் எஞ்சினுக்குக் கொண்டுபோகும். பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும்.

பிளாண்டுகளை இறக்கிய அன்று முதலாளி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இரும்பை மாட்டறது பெரிசில்ல. இவனுங்கள மாத்தறதுதான் வேலை. ஆடிக் கிருத்திகைக்குள்ள நாலு வண்டியும் கரியில ஓடணும். ஒன்னால முடியுமா?"

"முடியுங்க" என்றேன். அப்போது எனக்கு முடியாதது எதுவும் இல்லை.

ஆனால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கிளீனர்கள் அந்த உருளையைச் சுற்றி நின்றுகொண்டு பார்த்தார்கள். மூத்த டிரைவரின் கிளீனர், அவரும் நடுத்தர வயதுக்காரர், பொழுது சாயும்வரை அதைத் தொடவே இல்லை.

"பொணத்துக்கு முன்னால கொள்ளிச்சட்டி போவும். இது ஜனங்கள உக்கார வச்சிகினு பின்னால கொள்ளிச்சட்டி கட்டிகினு போறதா? நல்லாவா கீது?" என்றார்.

டிரைவர்களுக்கு வேறு வருத்தம். அந்தக் காலத்தில் பஸ் டிரைவர் என்றால் ஊரில் ஒரு மதிப்பு. சாயங்காலம் மலையடிவாரத்தில் வெள்ளைச் சட்டையோடு நடந்துபோனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கரி வண்டி ஓட்டினால் முகம், கை, சட்டை எல்லாம் கறுப்பு. "சூளைக்காரன் மாதிரி வூட்டுக்குப் போவணுமா?" என்று கேட்டார்கள். வண்டி ஏற்றத்தில் ஏறாது என்றார்கள். கரிப்பொடி நெசவுக்காரர்களின் துணி மேல் விழும் என்றார்கள். இவற்றில் பொய் எதுவும் இல்லை.

நான் முதலில் உத்தரவு போட்டேன். அடுத்த நாள் கரி நனைந்திருந்தது. அதற்கடுத்த நாள் காற்றடிக்கும் சக்கரத்தின் கைப்பிடியைக் காணோம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் "ஆங், ஆங்" என்றார்கள். எதுவும் நடக்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன். ஒரு கிருத்திகையன்று காலையில் மலை ஏறிப்போய் விபூதியும் சந்தனமும் கொண்டுவந்தேன். முதல் பிளாண்டுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அந்தக் கற்பூரத்தாலேயே உள்ளே தீ மூட்டினேன். கிளீனர்கள் தாமாகவே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். கொள்ளிச்சட்டிப் பேச்சு அன்றோடு நின்றது.

டிரைவர்களுக்கு அது போதாது. நால்வரில் இளையவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அவனுக்கு யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஜில்லாவிலேயே கரி வண்டி ஓட்டற முதல் ஆள் நீயா இருக்கலாம்" என்றேன். மறுநாள் காலை அவன் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் வெள்ளை. அவனோடு நானும் கரி அள்ளினேன். மேஸ்திரியே கரி அள்ளுகிறார் என்றதும் மற்ற இரண்டு டிரைவர்களும் கொஞ்சம் தளர்ந்தார்கள். பிறகு ஒரு போட்டி வைத்தேன். முதலாளியின் பாக்கெட் கடிகாரத்தை வாங்கி ஷெட்டில் தொங்கவிட்டு, தீ மூட்டி யார் முதலில் கேஸ் கொண்டுவருகிறார்களோ அவர்கள் வண்டிதான் அன்று முதலில் வெளியே போகும் என்றேன். ஒரு மாதத்தில் ஷெட்டே மாறிவிட்டது. விடியும் முன்பே வந்து கரியை உடைத்தார்கள். ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். எனக்கு அது ஏதோ வித்தை கைவந்த மாதிரி இருந்தது.

மூத்தவர் மட்டும் மிஞ்சினார். அவரும் ஓட்டவே மாட்டேன் என்று சொல்லவில்லை. பிளாண்டை மாட்ட விட்டார். இரண்டு வாரம் ஓட்டியும் பார்த்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

முதல் தடவை வந்தபோது நான் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"நைனா, தலை கனக்குது."

"வெயில்ணா" என்றேன். அது சித்திரை மாதம்.

"வெயில் எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி கீது. நெத்தியில பட்டை கட்டி இறுக்கினாப்பல."

தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாம் தடவை, பத்து நாள் கழித்து. வாயெல்லாம் கசக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். "ஓட்டிகினு போவும்போது அவ்வளவா இல்ல. பொதட்டூர்பேட்டையில வண்டி நின்னுகினு கீது பாரு, அப்போதான் ரொம்ப வலிக்குது" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது வலிக்கிறது என்றிருந்தால் குழாயில் ஒழுக்கு என்று நினைத்திருப்பேன். எஞ்சினே ஓடாமல் சும்மா நிற்கும் வண்டியில் தலை வலிக்கிறதாம். பெட்ரோல் வேண்டும் என்பதற்காக இவர் கதை கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவருடைய வண்டி பழைய மாடல். அதில் மட்டும் குழாயை டிரைவர் சீட்டுக்கு அடியில் கொண்டுபோயிருந்தேன். மாற்றுவதென்றால் தரைப்பலகை முழுதும் பிரிக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மூன்றாம் தடவை அவர் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ உதவி கேட்பவர் போலப் பேசினார்.

"ஒரே ஒரு நாள் எங்கூட வா நைனா. என் பக்கத்துல உக்காந்துகினு வா. அங்க அரை மணி நேரம் வண்டி நிக்கும் இல்ல, அப்பவும் எறங்காம உக்காந்துகினு இரு. அப்புறம் நீயே சொல்லு. நீ ஒண்ணும் இல்லேன்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"வரேண்ணா. இந்த வாரம் வரேன்" என்றேன்.

போகவில்லை. வேலை இருந்தது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை எப்போதும்தான் இருந்தது. உண்மை என்னவென்றால், போய் உட்கார்ந்து எனக்கும் தலை வலித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அத்தனை பேரையும் மாற்றி வைத்திருக்கிறேன். இவர் சொல்வது நிஜமென்றால் எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டும்.

ஆனி மாதம் ஒரு காலை. எட்டு மணி வண்டிக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். மற்ற மூன்று வண்டிகளிலும் கேஸ் வந்துவிட்டது. அவர் வண்டியில் தீயே மூட்டவில்லை. அவர் ஷெட் வாசலில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஓட்ட மாட்டேன் நைனா. நீ வந்து உக்காரு, ஓட்டறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் கோபத்தில் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. நான் கணக்குப் போட்டுத்தான் பேசினேன். டிரைவர்கள், கிளீனர்கள், பஸ்ஸுக்கு நின்ற நெசவுக்காரர்கள், இரண்டு மூன்று பெண்கள், எல்லாரும் கேட்கட்டும் என்று காத்திருந்து, சத்தமாக, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

"எல்லாரும்தான் ஓட்டறாங்க. ஒங்களுக்கு மட்டும் தலை வலிக்குது. வயசாயிடுச்சு, முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணா. முதலாளிகிட்டச் சொல்லி மாட்டு வண்டி ஏதாவது பாக்கச் சொல்றேன். அதுல புகை வராது."

எல்லாரும் சிரித்தார்கள். இளையவன்தான் முதலில் சிரித்தான். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏதோ விளங்காதது போலப் பார்த்தார். அப்புறம் எழுந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கிளீனரை விலகச் சொல்லிவிட்டு, தானே கைச்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவர் தலைவலி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் பேசாததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டம் நாலா பக்கமும் வந்து குவிந்தது. வேறு ஊர்களில் பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் நிற்க, எங்கள் நான்கு வண்டியும் மூன்று நாள் ஓயாமல் ஓடின. ஏற்றத்தில் வண்டி திணறினால், காவடி எடுத்தவர்களே அரோகரா போட்டுக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். மூத்தவர் எல்லாரையும்விட அதிக நடை ஓட்டினார். கரி வண்டியிலும் அவர்தான் முதல் என்று ஆகிவிட்டது. எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு முன்னாலேயே வேகம் எடுக்க வேண்டும் என்று மற்ற மூவரும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "ஆளுங்கள மாத்தறதுன்னா இவன்கிட்டக் கத்துக்கணும்" என்றார். நான் மூத்தவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கண் சிவந்திருந்தது. மூன்று நாள் தூங்கவில்லை, அதனால் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. மழை வந்தால் கித்தான் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குப் பொதட்டூர்பேட்டையில் வண்டி நின்றிருந்தது. நல்ல மழை. பிரயாணிகள் எல்லாரும் டீக்கடையில் ஒதுங்கிவிட்டார்கள். அவர் நாலு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டுத் தன் சீட்டில் உட்கார்ந்தார். கிளீனர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தீ அணையாமல் இருக்கப் பின்னால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். கிளம்பும் நேரம் வந்ததும் குரல் கொடுத்தார். பதில் இல்லை. போய்ப் படுதாவைத் தூக்கினால், ஸ்டியரிங்மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார். கன்னமெல்லாம் நல்ல சிவப்பு. அவ்வளவு ஆரோக்கியமாக அவர் முகம் இருந்ததே இல்லை என்று கிளீனர் பின்னால் என்னிடம் சொன்னார். தொட்டு உலுக்கியதும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

நெசவுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டுபோய் ஒரு வீட்டில் தறிக்குப் பக்கத்தில் கிடத்தி விசிறினார்கள். சாயங்காலம் கண் திறந்தார். இன்னொரு வண்டியில் நான் போய் அவரைத் திருத்தணிக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் வாந்தி எடுத்தார். என் மடியில்தான் தலை.

மறுநாள் காலையில் முதலாளியிடம்கூடக் கேட்காமல் அவர் வண்டியின் தரைப்பலகையைப் பிரித்தேன். சீட்டுக்கு நேர் கீழே, நான் என் கையால் பூட்டிய மூட்டில், கேஸ் ஒழுகாமல் இருக்கச் சுற்றியிருந்த கயிறு கருகி உதிர்ந்திருந்தது. விரல் நுழையும் இடைவெளி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சின் ஓடும்போது அது கேஸை முன்னால் உறிஞ்சிவிடும். மூட்டு வழியாக ஒன்றும் வெளியே வராது. வண்டி நிற்கும்போது, பின்னால் தீ எரிந்துகொண்டிருக்க, கேஸ் போக வேறு வழி இல்லாமல் அந்த மூட்டு வழியாகத்தான் மேலே வரும். அந்த விஷத்துக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வண்டி நிற்கும்போதுதான் வலிக்கிறது என்று அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கோளாறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். எஞ்சின் விஷயத்தில் அவர் என்றைக்கும் தப்பாகச் சொன்னவரில்லை. நான் சிரித்திருக்கிறேன்.

மற்ற வண்டிகளையும் பார்த்தேன். இளையவன் வண்டியிலும் ஒரு மூட்டு தளர்ந்திருந்தது. அவனைக் கூப்பிட்டு, "ஒனக்குத் தலைவலி உண்டா?" என்று கேட்டேன்.

"கீது மேஸ்திரி. மூணு பேருக்கும் கீது."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா, அவர சொன்னாப்பல எங்களையும் சொல்வீங்கன்னுதான்."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

எல்லாக் குழாய்களையும் மாற்றினேன். டிரைவர் சீட்டுப் பக்கம் எதுவும் வராமல் வெளிப்பக்கமாகக் கொண்டுபோனேன். ஐந்து நாள் வேலை. அந்த ஐந்து நாள் வேலையைச் சித்திரையிலேயே செய்திருக்கலாம். முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். "இப்போ வண்டி ஓடுது இல்ல? ஆள் பொழைச்சிட்டான் இல்ல? விடு" என்றார்.

பிழைத்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நாலே நாளில் எழுந்து நடந்தார். டாக்டர், வெறும் மயக்கம், இனி ஒன்றும் இல்லை என்றார். பத்தாம் நாள் வெள்ளைச் சட்டையோடு ஷெட்டுக்கு வந்து நின்றார். நான் அவரைக் கூட்டிப்போய்ப் புதுக் குழாயைக் காட்டினேன். குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஆங். இது சரி" என்றார். அவ்வளவுதான். நான் முன்னாலேயே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் பொதட்டூர்பேட்டை வண்டியை எடுத்தார். நான் முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனேன். ஆறு மாதம் தாமதமாக. வழியில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாக, சரியாக, என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிவைத்தேன். அடுத்த நாள் வேலை வந்தது. அதற்கடுத்த நாளும்.

மூன்றாவது வாரம் ஆர்.கே.பேட்டை பக்கம் ரோடு பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கிளீனரைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டாராம். வேடிக்கை செய்கிறார் என்று பிரயாணிகள் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். "நெசமா கேக்கறேன். எந்தப் பக்கம்?" அதற்குள் கிளீனருக்குப் புரிந்துவிட்டது. அருகில் உட்கார்ந்து கையால் வழி காட்டிக்கொண்டே வந்து, வண்டியை எப்படியோ ஷெட்டில் சேர்க்கவைத்தார். அதுதான் அவர் ஓட்டிய கடைசி வண்டி.

அன்று ஒரு சின்ன மயக்கம் என்று போனது, உள்ளே எதையோ அறுத்துவிட்டுப் போயிருந்தது. மார்கழிக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. நடை சிறுத்தது. சட்டைப் பொத்தானைப் பூட்டத் தெரியவில்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கேஸ் மூளையைத் தொட்டுவிட்டது, சில பேருக்கு இப்படித் தெளிந்த பிறகு வரும் என்றார்கள். மருந்து இல்லை.

அவர் வீடு மலைப்படிக்குப் போகும் தெருவில் இருந்தது. குழந்தைகள் இல்லை. அவர் மனைவி அதுவரை வெளி வேலைக்குப் போகாதவள். இப்போது விடிந்ததும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். தண்ணீர் எடுத்துவைப்பேன், அவருக்கு முகம் மழித்துவிடுவேன். கூரை ஒழுகினால் சரி செய்வேன். முதல் சில வாரம் நைனா என்று கூப்பிட்டார். அப்புறம் நான் யாரென்று தெரியவில்லை. ஆனால் யார் வந்தாலும் அவருக்குச் சந்தோஷம்.

"வாங்க. பஸ்ஸுக்கா? வண்டி இப்போ வந்துடும், உக்காருங்க" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழித்து முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, எனக்குத் தாங்க முடியாமல் அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு எல்லார் முன்னாலயும் ஒங்கள நான் கேலி பண்ணேன். வயசாயிடுச்சுன்னு சொன்னேன். நீங்க சொன்னதை நான் நம்பல. என்னை மன்னிச்சிடுங்கண்ணா."

அவர் என் முகத்தையே பார்த்தார். புரிந்துகொள்ள ரொம்பப் பிரயாசைப்பட்டார். நெற்றியெல்லாம் சுருங்கியது.

"என்னையா?" என்றார். "என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே. நான் நல்லா வண்டி ஓட்டுவேன்." பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டு, நடுங்குகிற கையால் தோளைத் தட்டி, "அழாதீங்க. வண்டி வந்துடும்" என்றார்.

உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"தம்பி, அன்னிக்குச் சாயங்காலம் அவர் வந்து சோறு துன்னல. கைகால் கழுவிட்டு உக்காந்துகினு கீறார். இன்னான்னு கேட்டேன். எனக்கு வயசாயிடுச்சான்னு என்னைக் கேட்டார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர் என்னை அப்படி ஒண்ணும் கேட்டதே கெடையாது. நான் வெளையாட்டா, ஆமா, ஆயிடுச்சு, இன்னா இப்போன்னு சொல்லிட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ சொன்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

நான் செருப்பை மாட்டக் குனிந்தேன்.

"வந்துகினே இரு. ஆளு வந்தா அவருக்குச் சந்தோசமா கீது. ஆனா மன்னிப்பு மட்டும் இனிமே கேக்காத, தம்பி. அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. யார்கிட்ட கேப்பே நீ?"

அதன்பிறகு நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை மட்டும் விடவில்லை.

யுத்தம் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் வந்தது. ஒருநாள் முதலாளி பிளாண்டுகளைக் கழற்றச் சொன்னார். இளையவனும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஒரே நாளில் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் உருட்டிவிட்டார்கள். யாரையும் நான் சம்மதிக்கவைக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு வந்தார்கள். நான் மட்டும் அன்று வேலைக்குப் போகவில்லை.

அவர் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் பேச்சும் போய்விட்டது. ஒரு தை மாதம் காலையில் போனபோது, கதவருகில் மனைவி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான்கு பஸ்களும் அன்று ஓடவில்லை. அதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானும் ஒரு தோள் கொடுத்தேன். கொடுக்க விட்டார்கள்.

அந்த வருஷமே நான் திருத்தணியை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். பழைய முதலாளி கொடுத்த கடிதத்தில், வேலையாட்களிடம் பக்குவமாக நடந்து புது முறைகளை ஏற்கவைப்பதில் சமர்த்தர் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தால்தான் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. அதை நான் மறுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அவர் மனைவி மணவூரில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு முறை அரக்கோணம் போகும்போது மணவூர் ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு நின்றிருந்தாள். முடி முழுதும் நரைத்துவிட்டது. நான் ஜன்னல் வழியே "அண்ணி" என்று கூப்பிட்டேன். கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீயா தம்பி? இப்போ எங்க கீறே?"

"மெட்ராஸ்ல. ஒரு ஒர்க்ஷாப்ல."

"எத்தினி பேரு உங்கீழ?"

"முப்பது பேர் இருப்பாங்க அண்ணி."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க ஏதாவது நோவுன்னு வந்து சொன்னா கேக்கறியா?"

"கேக்கறேன்" என்றேன்.

கார்டு விசில் அடித்தார். அவள் என் முகத்தை இன்னும் பார்த்துக்கொண்டே நகரும் ரயிலோடு சில அடி நடந்தாள். நம்பினாளா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கம்பியை விட்டாள்.